பதினான்காம் வளைவில் காட்டெருமை

நவம்பர் 3, திங்கள்

பிசியோதெரபி மேடம் ஒரு நோட்டு வாங்கச் சொன்னார். காலையில் ஒத்தடம் கொடுத்தேனா, எத்தனை நிமிடம், சாயங்காலம் ஐஸ் வைத்தேனா, வலி பத்துக்கு எத்தனை என்று தினமும் குறிக்க வேண்டுமாம். முன்பக்கத்தில் அவர் சொன்னபடி கட்டம் போட்டுவிட்டேன். பின்பக்கத்திலிருந்து எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன். இருநூறு பக்க நோட்டு வீணாகப் போக வேண்டாம்.

பெயர் திருமூர்த்தி, வயது ஐம்பத்துநான்கு. பொள்ளாச்சியிலிருந்து பனிக்கொம்பு எஸ்டேட்டுக்கு மலைப் பஸ் ஓட்டுகிறேன். முப்பத்தொரு கொண்டை ஊசி வளைவு, இருபத்திரண்டு வருடம். இதுவரை ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. இப்போது இடது முட்டி போய்விட்டது. கிளட்ச் மிதிக்கிற கால்.

டிசம்பர் 5 மெடிக்கல். ஐம்பது தாண்டியவர்களை டாக்டர் கையை முன்னால் நீட்டிக்கொண்டு மூன்று முறை உட்கார்ந்து எழச் சொல்வார். எதையும் பிடிக்கக் கூடாது. எழ முடியாதவனுக்கு மலை கிடையாது, ஸ்டியரிங்கே கிடையாது. டிப்போவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். 

இன்று இறங்கும்போது கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். கண்டக்டர் ஞானப்பிரகாசம் கேட்காமலே என் பையை வாங்கிக்கொண்டான். பதினோரு வருடமாக என்னோடுதான் அவனுக்கு டூட்டி. கட்டத்தில் வலி 4 என்று போட்டேன். உண்மையான எண்ணைப் போட்டால் மேடம் லீவு எடுக்கச் சொல்வார்.

நவம்பர் 4, செவ்வாய்

பிசியோதெரபி ரெஹானா மேடத்துக்கு என் மகள் வயதுகூட இருக்காது. ஆனால் பேச்சு தலைமையாசிரியர் பேச்சு.

"காலைல முட்டி இறுகிக் கெடக்கும், அப்ப சூடு வைங்கண்ணா. பதினஞ்சு நிமிசம். டூட்டி முடிஞ்சு வீங்கிக் கெடந்தா ஐஸ். வீங்கின முட்டிக்குச் சூடு வெச்சா இன்னும் வீங்கும். நீவறது தொடையில கீழிருந்து மேல. முட்டிச் சில்லு மேல போட்டுத் தேய்க்க வேண்டாம்."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் என் மனைவி வசந்தாமணிக்குப் பொறுக்கவில்லை. "அடமழையில ஐஸ் வெக்கறதா? வாதம் புடிச்சுக்குமுங்க. படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா?" என்றாள். வாணலியில் கல்லுப்பை வறுத்து, என் பழைய வேட்டியில் மூட்டை கட்டி, அடுப்பிலிருந்து நேராக என் முட்டிக்குக் கொண்டுவந்தாள். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவள் கைக்கு அது சூடாகவே தெரியவில்லையாம்.

நவம்பர் 6, வியாழன்

மழை. முட்டி. வேறு விசேஷம் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

குளியலறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழப் பழகினேன். உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. வாளியைப் பிடித்தேன், வாளி கவிழ்ந்தது. தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு குழாயைப் பிடித்து ஒரு வழியாக எழுந்தபோது வசந்தாமணி கதவை உடைக்காத குறையாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

சோப்பு வழுக்கிவிட்டது என்றேன். பயமாக இருக்கிறது. இன்னும் இருபத்தாறு நாள்.

நவம்பர் 12, புதன்

ஒரு வழி கிடைத்துவிட்டது.

பனிக்கொம்பில் எங்கள் பஸ் முக்கால் மணி நேரம் நிற்கும். எங்கள் பஸ்ஸிலேயே மீன் ஏற்றி வந்து அங்கே விற்கிற தங்கவேலு இன்று பெட்டியிலிருந்த ஐஸைக் கீழே கொட்டப் போனான். கொஞ்சம் வாங்கி பாலிதீன் பையில் போட்டு, கிரேப் பேண்டேஜால் முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு டிரைவர் சீட்டிலேயே சாய்ந்துவிட்டேன். மத்தி மீன் வாசனை தாங்கவில்லை. ஆனால் அவிழ்த்தபோது வலி என்கிற சமாசாரமே இல்லை! முப்பது வயசுக்காரன் போல இறக்கம் முழுக்க ஓட்டி வந்தேன். ஞானம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, பஸ்ஸுக்குப் பின்னாடி பூனை வருது" என்றான்.

கட்டத்தில் வலி 2. இந்தத் தடவை பொய் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

மேடத்துக்குக் கட்டத்தைப் பார்த்து மகிழ்ச்சி. ஐஸ் எப்படி வைக்கிறீர்கள் என்று கேட்டார். வீட்டில், துண்டில் சுற்றி, பதினைந்து நிமிடம் என்றேன்.

"அதுக்கு மேல போகக் கூடாதுங்கண்ணா. இறுக்கிக் கட்டவும் கூடாது. முட்டிக்கு வெளிப்பக்கம் இங்க" என்று ஒரு விரலை வைத்துக் காட்டினார், "தோலுக்கு அடியிலயே ஒரு நரம்பு ஓடுது. அது விறைச்சுப் போச்சுன்னா பாதம் சொன்ன பேச்சுக் கேக்காது. வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஐஸ் வெக்கவே வெக்காதீங்க."

எல்லாவற்றுக்கும் சரிங்க மேடம் என்றேன். மருத்துவம் படித்தவர்கள் எதையும் இரண்டு மடங்கு கூட்டித்தான் சொல்வார்கள்.

நவம்பர் 17, திங்கள்

ஐஸ் நாற்பது நிமிடம். பாதம் கொஞ்ச நேரம் தூங்கிவிடுகிறது. வீட்டுப் படியில் செருப்பு நுனி தட்டித் தடுமாறினேன். கால் மரத்துப்போனால் வலியும் சேர்ந்து மரத்துப்போகிறது, நல்லதுதானே?

நவம்பர் 19, புதன்

மதிய இறக்கத்தில் பதினான்காம் வளைவில் காட்டெருமை குறுக்கே வந்தது. நிறுத்தினேன். யாருக்கும் அடி இல்லை. தடுப்புச் சுவரில் உரசி ஒரு ஹெட்லைட் கண்ணாடி மட்டும் போயிற்று. ஞானம் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்துவிட்டான்.

வீட்டில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வசந்தாமணி விறகடுப்பில் தக்காளி ரசம் வைத்தாள். குளிர் அதிகம், அதனால்தான் பாதித் தட்டிலேயே எழுந்துவிட்டேன். இன்று ஒத்தடம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

மலைப் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. காட்டெருமையோ யானையோ ரோட்டில் நின்றால் டிரைவர் விளக்கை அணைப்பார், ஹாரன் அடிக்கமாட்டார், பஸ்ஸில் ஒருவரும் மூச்சு விடமாட்டார்கள். அது போகும்வரை அப்படியே காத்திருப்போம். நேற்றும் அப்படித்தான் ஐந்து நிமிடம் நின்றது. நல்ல மூடுபனி. இருந்தும் இன்று ஏறிய எல்லோருமே அதைப் பார்த்திருக்கிறார்கள். எஸ்டேட் பள்ளி டீச்சர் கொம்பைப் பார்த்தாராம். ஒரு அம்மா வாலைப் பார்த்தாராம், வாலில் ஒட்டுப்புல் ஒட்டியிருந்ததாம். ஒரு பெரியவர் ஆரஞ்சுப் பழத்தை என் மடியில் வைத்து, "எங்க உசுரு உங்க கையிலதானுங் சாமி" என்று கும்பிட்டார்.

வசந்தாமணி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் வாயில் அது நேற்று ஒன்றாக இருந்தது, இன்று குட்டியோடு சேர்த்து மூன்று.

ஞானம் மட்டும் இந்தக் கதையில் சேரவில்லை. விசில் அடித்தான், டிக்கெட் கொடுத்தான், இறங்கிப் போய்விட்டான். ஆரஞ்சைக்கூட வேண்டாம் என்றான்.

நவம்பர் 22, சனி

ஞானம் வேறு வண்டிக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! டிப்போவில் நோட்டீஸ் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பதினோரு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவன். அவன் மகள் செலின் கல்யாணத்தில் பந்தி முழுக்க நான்தான் பரிமாறினேன். என்ன செய்துவிட்டேன் இவனுக்கு? நன்றி கெட்ட பயல்.

ஐஸை நிறுத்திவிட்டேன். இனிமேல் காலையில் சூடு, தொடையில் நீவல், அவ்வளவுதான். வசந்தாமணி தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறாள்.

நவம்பர் 24, திங்கள்

கிளை மேலாளர் கூப்பிட்டனுப்பினார். பயந்துகொண்டே போனேன். டீச்சர் பாராட்டிக் கடிதம் எழுதியிருக்கிறாராம். ஜனவரியில் விபத்தில்லா ஓட்டுநர் விருதுக்கு என் பெயரை அனுப்பப் போகிறாராம். "மெடிக்கல்ல மட்டும் பாஸ் ஆகிடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்று கை கொடுத்தார். என் கை வியர்த்திருந்தது. வெளியே வந்து சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

நவம்பர் 26, புதன்

ரெஹானா மேடம் முட்டியைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டது, நல்ல முன்னேற்றம் என்றார். பிறகு திடீரென்று, "இடது கால் பெருவிரலைத் தூக்குங்கண்ணா" என்றார்.

தூக்கினேன்.

"தூக்குங்கண்ணா."

"தூக்கிட்டுத்தானுங்க இருக்கேன்."

அவர் என் பாதத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். விரல் கொஞ்சம் அசைந்தது, மேலே வரவில்லை. புறங்காலில் பஞ்சால் தடவினார். எனக்குத் தெரியவில்லை.

"எத்தன நேரம் வெச்சீங்க?"

சொல்லிவிட்டேன். மீன் ஐஸ், பேண்டேஜ், எல்லாம்.

"காட்டெருமை வந்த அன்னிக்கும் வெச்சிருந்தீங்களா?"

நான் குனிந்து செருப்பைத் தேடினேன். நரம்பு விறைத்துவிட்டது, ஐஸ் வைக்காமல் விட்டால் சில வாரத்தில் திரும்பிவிடும், அதுவரை பஸ் ஓட்டக் கூடாது என்றார். "உங்க டிப்போல போய் நான் சொல்ல முடியாதுங்கண்ணா. நீங்கதான் சொல்லணும்."

எப்படிச் சொல்வது? ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவன் ஞானம். நான் வாயைத் திறந்தால் விளக்கம் கேட்டு மெமோ அவனுக்குத்தான் முதலில் போகும். அவன் என்னை விட்டுப் போனாலும் நான் அவனைக் காட்டிக்கொடுக்கமாட்டேன்.

நவம்பர் 27, வியாழன்

ஓட்டினேன். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஒரு தரம் குனிந்து, கால் கிளட்ச் மேல்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான், ஒரு கஷ்டமும் இல்லை.

நவம்பர் 29, சனி

பனிக்கொம்பு ஸ்டாப்பில் செலின் நின்றிருந்தாள். எட்டு மாதம். சனிக்கிழமை பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு என் பஸ்ஸில்தான் வருவாள், என் சீட்டுக்குப் பின்சீட்டு அவளுக்கென்றே விட்டுவைப்போம். மழை பெய்துகொண்டிருந்தது. அவள் வீட்டுக்காரன் குடை பிடித்திருந்தான்.

"ஏறு கண்ணு, சீட்டு இருக்குது" என்றேன்.

"இல்ல பெரியப்பா, நீங்க போங்க. நாங்க அடுத்த பஸ்ல வர்றோம்."

"அடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுமே, மழையில எங்க நிப்பே?"

அவள் தரையைப் பார்த்தாள். "அப்பா சொன்னாரு பெரியப்பா" என்றாள். அவள் வீட்டுக்காரன் குடையை என் பக்கம் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டான்.

இன்று இறக்கம் முழுவதும் முதல் கியரில் ஊர்ந்து வந்தேன். பின்னால் வந்த ஜீப்காரர்கள் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். டிப்போவில் வண்டியை விட்டுவிட்டு, காய்ச்சல் என்று ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன்.

இனி இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? பத்தொன்பதாம் தேதி காட்டெருமை வரவில்லை.

நாற்பத்தைந்து நிமிடம் ஐஸ் கட்டியிருந்தேன். பதினான்காம் வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியரிலிருந்து இரண்டுக்கு வர கிளட்சை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாவதை உருவிவிட்டேன், இரண்டாவது விழவில்லை. கியர்ப் பெட்டி கிறீச்சிட்டது. பிடிப்பு எதுவும் இல்லாமல் பஸ் தானாக ஓட ஆரம்பித்தது. மறுபடி மிதித்தேன், மறுபடி விழவில்லை. வலது காலால் பிரேக், கையால் ஹேண்ட் பிரேக், சுவர் நேராக வந்தது. கண்ணாடி உடைந்த சத்தத்தோடு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் பனி மட்டும்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். என் இடது கால் கிளட்சுக்குப் பக்கத்தில் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

ஞானம் முன்படியில் நின்றான். அவனும் குனிந்து பார்த்தான். என் காலைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். திரும்பி, "யாரும் சத்தம் போடாதீங்க, காட்டெருமை" என்று மெல்லச் சொன்னான். பஸ் அடங்கிவிட்டது. அந்த ஐந்து நிமிடத்தில் நான் கையால் என் காலைத் தூக்கிக் கிளட்ச் மேல் வைத்துக்கொண்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

டிப்போவுக்கு எதிரே உள்ள டீக்கடையில் ஞானத்தைப் பிடித்தேன். இரண்டு டீ சொன்னேன். அவன் தன்னுடையதைத் தொடவில்லை.

"செலினை மழையில நிக்க வெச்சுட்டியேடா" என்றேன்.

"ஆமாண்ணே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒரு நாள் பாத்தேன், ரெண்டு நாள் பாத்தேன், மூணாம் நாள் மாத்தல் கேட்டுட்டேன். விருதுன்னு பேச்சு வந்ததும் இனிச் சொல்லமாட்டீங்கன்னு தெரிஞ்சு போச்சு."

"நான் சொன்னா உனக்கு மெமோ வரும்டா. அதுக்குத்தான்..."

"வரட்டும்ணே, வாங்கிக்கறேன். என்னையச் சாக்கா வெக்காதீங்க." அவன் குரல் உடைந்துவிட்டது. "உங்க மானத்தக் காப்பாத்தணும்னு அஞ்சு நிமிசத்துக்குத்தான் அந்த எருமைய வரவெச்சேன். நீங்க அதக் கட்டி வெச்சுத் தீனி போட்டுட்டிருக்கீங்க."

எழுந்து போய்விட்டான். நான் இரண்டு டீயையும் குடித்தேன். வெட்கமாக இருந்தது. எனக்குத் தெரிந்ததையேதான் அவன் சொன்னான், அதனால் கோபப்படக்கூட முடியவில்லை.

டிசம்பர் 3, புதன்

காலையில் வெந்நீர்ப் பை பதினைந்து நிமிடம். வசந்தாமணி தொடையை நீவிவிட்டாள். இப்போதுதான் மேடம் சொன்ன சூட்டில், சொன்ன நேரத்துக்குச் செய்கிறோம். ஓய்வும் சேர்ந்துகொண்டது. குளியலறையில் மூன்று முறை உட்கார்ந்து எழுந்தேன், எதையும் பிடிக்கவில்லை. முட்டி மெடிக்கலுக்குத் தயார். நியாயமாக இது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும்.

பெருவிரல் பாதி தூரம்தான் எழுகிறது.

டிசம்பர் 5, வெள்ளி

வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர். எல்லோரும் எருமைக் கதை கேட்டார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சைகை காட்டினேன்.

டாக்டர் கண் பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். கூடியிருக்கிறது என்றார். கூடாமல் என்ன செய்யும்? கையை நீட்டச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதில் முட்டி லேசாகச் சொடுக்கியது, அவ்வளவுதான். ஒரு மாதமாக எதற்குப் பயந்தேனோ அது அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"முட்டி நல்லாத்தானே இருக்கு! காட்டெருமை டிரைவர் நீங்கதானே?" என்று சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

அப்படியே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். விரல் எப்படியும் சரியாகிவிடும். மேடம் சொல்லமாட்டார், ஞானம் சொல்லமாட்டான். செலின் மட்டும் அடுத்த பஸ்ஸில் வருவாள்.

"சார், எழுதறதுக்கு முன்னாடி என்ற கால் பெருவிரலைத் தூக்கச் சொல்லுங்க."

"எந்தக் கால்?"

"இடது. கிளட்ச் கால்."

செருப்பைக் கழற்றிக் காட்டினேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எருமை வரவில்லை என்று சொல்லும்போது கதவோரம் நின்ற ஆறு பேரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

கிளை மேலாளர் அறையில் ஒரு மணி நேரம் நின்றேன். ஸ்டியரிங் கிடையாது, குறைந்தது மூன்று மாதம். அதற்குப் பிறகும் உறுதி இல்லை. எனக்கும் ஞானத்துக்கும் மெமோ. விருதுப் பட்டியலை அவர் என் கண் முன்னாலேயே எடுத்து என் பெயரை அடித்தார். பத்தொன்பதாம் தேதி பயணிகள் கணக்கு எழுதிய டிரிப் ஷீட்டை எடுத்து மேசையில் போட்டு, "படிங்க" என்றார். படித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது வசந்தாமணி ரவா கேசரி கிளறி வைத்திருந்தாள். எதிர்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்திருந்தாள். அவளை உட்காரவைத்துச் சொன்னேன். தெருவில் எப்படித் தலைகாட்டுவேன் என்று சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் ஞானத்தைப் பற்றிக் கேட்கவில்லை, மெமோவைப் பற்றியும் கேட்கவில்லை.

"அன்னிக்கு பஸ்ஸுல எத்தன பேருங்க இருந்தாங்க?"

"அம்பத்தி மூணு."

"கொழந்தைக?"

தெரியவில்லை என்றேன். டிக்கெட் எடுக்காத கைக்குழந்தைகளை டிரிப் ஷீட்டில் ஏற்றுவதில்லை. ஆனால் ஒன்றாவது இருந்தது, அது எனக்குத் தெரியும். பஸ் சுவரில் முட்டி நின்றதும் பின்சீட்டில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. ஞானம் காட்டெருமை என்று சொன்னவுடன் அதன் அம்மா அதன் வாயைக் கையால் பொத்தியதைக் கண்ணாடியில் பார்த்தேன்.

நான் காலை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டு விளக்கைப் போடும்வரை, அந்த ஐந்து நிமிடமும், அவள் கையை எடுக்கவே இல்லை.